பொறுங்க, இந்தா வாரேன்

கணக்கையும் என்னையும் ஒரே மாதிரி அதட்டி வைத்திருந்த என் பிரிய மைனிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோவை வேகமாகிவிட்டது. உங்கள் பகுதியில் கை வைத்துத்தான் வேகமாக்கினேன். கோபப்படுவதற்கு முன் முழுக்கக் கேளுங்கள்.

இது உங்களுக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. உங்களுக்குப் பிறகு கல்லூரியில் உங்கள் கணினிக் கூடத்தை ஹசீனா பார்த்துக்கொள்கிறார். புதிய பதிப்பில் என்னென்ன மாற்றினேன் என்று துறை மலருக்கு எழுதித் தரச் சொன்னவர் அவர்தான். எழுதி எழுதி அழித்தேன். முகம் தெரியாதவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது? உங்களுக்குச் சொல்வதாக நினைத்ததும் கை ஓடியது. மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோவை என்பது நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய, எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள். கால்குலேட்டரில் எண்ணைப் போட்டால் எண் வரும். கோவையில் எக்ஸும் ஒய்யும் போட்டால் எக்ஸும் ஒய்யுமாகவே விடை வரும். விரிக்கும், காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். பல்லுறுப்புக் கோவையில் இருந்து எடுத்த பெயர் அது. "திருநெல்வேலில உக்காந்துக்கிட்டு கோவைன்னு பேரு வச்சிருக்கிய, பஸ் போர்டு மாதிரில்லா இருக்கு" என்று அண்ணன் சொன்னபோது நீங்கள் முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் பெருமாள்புரம் வீட்டுக்கு வந்தபோது நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டோம். நீங்கள் கணக்கு வாத்தியார், நான் வீட்டில் இருந்தே பெங்களூர் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறவள். பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் முழுக்கக் கோவைக்கே போயின. அண்ணன் பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார், நாம் அவர் தலைக்கு மேலே சண்டை போடுவோம்.

அப்படி ஒரு சண்டையில் வந்ததுதான் அந்த வரி. கணக்கு பெரிதாக இருந்து விடை சட்டென்று வராவிட்டால், திரையில் என்ன காட்டுவது என்று பேச்சு வந்தது. 'கணக்கிடப்படுகிறது' என்று நான் எழுதி வைத்திருந்தேன். "ஏட்டி, இது என்ன, தாலுகா ஆபீஸ் நோட்டீஸா" என்று கேட்டுவிட்டு நீங்களே மாற்றினீர்கள். 'பொறுங்க, இந்தா வாரேன்.' அண்ணன் வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நிற்கும்போது உள்ளே இருந்து நீங்கள் தினமும் சொல்வதுதான். தலைக்குப் பூ வைக்க வேண்டும், பையை எடுக்க வேண்டும், கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாளாவது உடனே வந்திருக்கிறீர்களா?

வியாழக்கிழமை வகுப்பு எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு பிசான நெல் போகம் அறுத்தாகிவிட்டது. இப்போது கார் பருவத்து நடவு நடக்கிறது, அம்பாசமுத்திரத்தில் அண்ணனுடைய உரக்கடையில் கூட்டம், அவர் அங்கேயே தங்கிவிடுகிறார்.

பிசான அறுவடை முடிகிற சமயத்தில்தான் ஹசீனா என்னைக் கணினிக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். பிள்ளைகள் எழுத்துகளாலான அணிக்கோவை, அதாவது டிடெர்மினன்ட், ஒன்றைக் கோவையிடம் கொடுத்திருந்தார்கள். ஆறு வரிசை, ஆறு நிரல். என்டரைத் தட்டிவிட்டு ஒருத்தன் ஜன்னலுக்குப் போய்விட்டான். இரண்டு பேர் தலைமுடிக்கு என்ன எண்ணெய் நல்லது என்று பேச ஆரம்பித்தார்கள். எல்லாத் திரையிலும் உங்கள் வரி நின்றது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட உங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரி வந்ததும் "மேடம் வாராங்க, மேடம் வாராங்க" என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு முதலில் அது வேடிக்கையாகப் படவில்லை.

ஹசீனா பேட்டைக்காரர், எதையும் பைய, யாருக்கும் நோகாமல் சொல்கிறவர். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளைகள் பாதி நேரம் காத்துக்கொண்டே இருக்கிறார்கள், அடுத்த செமஸ்டரில் வேறு மென்பொருள் போட்டுவிடலாம் என்று துறையில் பேச்சு வந்துவிட்டது, அவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறார். "வேகம் மட்டும் வந்துட்டா யாரும் இத எடுக்கச் சொல்ல மாட்டாங்க. முடியுமா பாருங்க" என்றார்.

முடியும் என்றுதான் நினைத்தேன். நாம் எழுதிய கணினி மொழிதான் மெதுவு என்று முடிவு கட்டி, அடிப்படைப் பகுதிகளை வேகமான வேறொரு மொழியில் திரும்ப எழுதினேன். வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். கடைசியில் பழைய டவுன் பஸ்ஸுக்குப் புது டயர் மாட்டிய அளவுக்கு வேகம் வந்தது. பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு கணக்கை ஓட விட்டு, எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தேன்.

முக்கால்வாசிக்கு மேல் ஒரே இடத்தில் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் தனியாக எழுதிய 'சீராக்கு' என்ற பகுதி. என்னைத் தொடவே விட மாட்டீர்களே, அதுதான்.

அது என்ன செய்கிறது என்று வரி வரியாகப் பார்த்தேன் மைனி. அடுக்கு பெரிதில் இருந்து சிறிதாக உறுப்புகளை வரிசையாக வைக்கிறது. மேலும் கீழும் பொதுவாக இருப்பதை வெட்டுகிறது. பின்னத்தின் அடியில் வர்க்கமூலம் இருந்தால் அதை மேலே கொண்டு வருகிறது. அடியில் கழித்தல் குறி இருந்தால் அதையும் மேலே ஏற்றுகிறது. எல்லாம் நல்லதுதான். கடைசி விடைக்குச் செய்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? நீங்கள் ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு செய்திருந்தீர்கள். கணினிக்குள்ளேயே பிறந்து உள்ளேயே அழிந்துபோகிற, ஒரு கண்ணும் பார்க்காத இடைப்பட்ட வரிகளுக்கு எல்லாம் தலை சீவிப் பொட்டு வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது உங்கள் கோவை.

சிறிது நேரம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெப் மார்க்! வருஷா வருஷம் விடைத்தாள் திருத்தித் திருத்தி, மென்பொருளுக்குள்ளும் வழியை அழகாக எழுதி வைத்தால்தான் மார்க்கு என்று எழுதிவிட்டீர்கள். நம் ஊர்க் கணக்கு வாத்தியாரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. "மைனி, இத யாரு திருத்தப் போறா?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் இல்லாததை நான் முழுசாக உணர்ந்தது அன்றைக்குத்தான்.

செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. சீராக்கை நடுவில் இருந்து எடுத்துக் கடைசியில் மட்டும் வைக்க வேண்டும். இதை அண்ணனிடம் நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்குப் போனபோது ஒருவர் நெல்லுக்குத் துத்தநாகம் கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் எடை போடும் மேஜைக்குப் பக்கத்தில் கணினி. முன்பு சோதனைக்காக நீங்கள் கோவையை அதில் போட்டு வைத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. திரையில் உங்கள் வரி நின்றுகொண்டிருந்தது. நீங்கள் சோதித்துப் பார்த்த அந்தப் பழைய அணிக்கோவையைத்தான் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி, மெசின் பொறுக்கச் சொல்லுது என்று வந்தவர் கேட்டதற்கு, ஆமா, அது அப்படித்தான் என்றார் அண்ணன், தராசில் இருந்து கண்ணை எடுக்காமல்.

தினமும் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு, அந்தக் கணக்கை ஓட விடுகிறார். டீ வரும்வரை வரி நிற்கிறது. டீ ஆறுவதற்குள் விடை வருகிறது. விடையை அவர் பார்ப்பதுகூட இல்லை, பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. வட்டிக் கணக்குக்கு மேல் அவர் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா?

கொண்டு போன நல்ல செய்தியை நான் பைய இறக்கி வைத்தேன். வேகமாக்கப் போகிறேன், இல்லாவிட்டால் கல்லூரியில் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சாக்கின் வாயைக் கட்டினார். ஆள் போனபிறகு கேட்டார்.

"வேகமாப் போட்டா அந்த வரி வராதுல்லா?"

வராது என்றேன்.

"அப்பம் அதுல மட்டும் கை வைக்காதட்டி."

அண்ணன் என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கக்கூட என்னிடம் யோசனை கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்று கேட்டார், அதை மறுக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. 'கணக்கிடப்படுகிறது' என்றே விட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா?

அவருடைய கடையில் பழைய பதிப்பையே விட்டுவிடலாம், கல்லூரிக்கு மட்டும் புதியது என்று போனில் சொல்லிப் பார்த்தேன். "அப்பம் அவ இங்கன மட்டுந்தான் இருப்பாளா?" என்று கேட்டார். பிள்ளைகள் 'மேடம் வாராங்க' என்று சொல்வதை நான்தான் அவரிடம் முன்பு சொல்லித் தொலைத்திருந்தேன். பிறகு அவரே, "சரி, சவத்த விடு, ஒனக்கு எது தோணுதோ செய்யி" என்று வைத்துவிட்டார்.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் அடிக்க வருவீர்கள். விடை தயாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தி வைத்து, உங்கள் வரியைக் காட்டிவிட்டுப் பிறகு விடையைக் கொடுக்கும்படி ஒரு வரி எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். 'பொறுங்க, இந்தா வாரேன்' வந்தது, போனது, விடை வந்தது. பார்க்க அச்சாக அப்படியே இருந்தது. பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். நீங்கள் ஒரு நாளும் சும்மா காக்க வைத்ததில்லையே. உள்ளே ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டுதானே இருக்கும்? அந்த வரியை அழித்துவிட்டேன். அண்ணனுக்கு அதைச் சொல்லவில்லை.

சீராக்கை நடுவில் இருந்து எடுத்ததும் கோவை பறந்தது. டீ ஆறுகிற நேரம் எடுத்த கணக்கு, விரலை எடுப்பதற்குள் முடிந்தது. ஹசீனாவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அவர் போன் செய்தார். பத்தில் ஒரு கணக்குக்கு விடையே தப்பு. விடை இருக்கிற கணக்குக்கு விடை இல்லை என்று சொல்கிறது, அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொல்கிறது.

தேடிப் பார்த்தேன். ஒன்றை, ரூட் இரண்டு கூட்டல் ஒன்றால் வகுத்தால் வருவது ரூட் இரண்டு கழித்தல் ஒன்று. இரண்டும் ஒன்றுதான், உடை மட்டும் வேறு. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் பூஜ்ஜியம். ஆனால் அடியில் இருக்கும் மூலத்தை மேலே கொண்டு வராதவரைக்கும் அது பூஜ்ஜியம் என்று கோவைக்குத் தெரியாது. ஏதோ பெரிய கோவை என்று நம்பி, அதைக் கொண்டு வகுத்துவிடுகிறது. பூஜ்ஜியத்தால் வகுத்தபிறகு எந்த விடை சரியாக வரும்? உங்கள் சீராக்கு இருந்தவரையில் அந்த மாறுவேடம் ஒவ்வொரு படியிலும் கலைந்துகொண்டே இருந்தது. ஒரு தப்பு விடைகூட வந்ததில்லை.

நிஜமாகவே ஸ்டெப் மார்க் பழக்கத்தில் செய்தீர்களா மைனி, இல்லை இது தெரிந்துதான் செய்தீர்களா? கேட்டிருந்தால் நீங்கள் இரண்டும்தான் என்று சொல்லி என் வாயை அடைத்திருப்பீர்கள். எனக்கு எது என்று தெரியவே போவதில்லை, அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் இப்படிச் செய்தேன். சீராக்கு எல்லாப் படியிலும் இல்லை, கடைசி விடைக்கு உண்டு. நடுவில், வகுக்கப் போகிற இடத்தில் மட்டும் வாசலில் நிற்கிறது. அங்கேயும் எல்லோரையும் நிறுத்துவதில்லை. முதலில் எழுத்துகளுக்குப் பதில் ஏதோ சில எண்களைப் போட்டுப் பார்க்கிறோம். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வராவிட்டால் போகலாம். சந்தேகம் வந்தால் மட்டும் சீராக்கைக் கூப்பிடுகிறோம். வேகம் கொஞ்சம் குறைந்தது, விடை எல்லாம் சரியாக வந்தது. உங்கள் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, நிற்கிற இடத்தைத்தான் மாற்றினேன். இதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன்.

புதிய பதிப்பைப் பிள்ளைகள் முதன்முதலில் ஓட்டுகிற அன்றைக்கு ஹசீனா அண்ணனையும் அழைத்திருந்தார். வர மாட்டார் என்று நினைத்தேன். நடவு சமயத்தில் உரக்கடையை அடைக்கிற ஆளா அவர்? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து கதவோரமாக நின்றுகொண்டார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

பிள்ளைகள் அதே ஆறு வரிசைக் கணக்கைக் கொடுத்தார்கள். என்டர் தட்டியதும் விடை வந்துவிட்டது. நான் வேலை பார்த்த இத்தனை மாதங்களும் அந்த ஒரு கணத்துக்குத்தான், எனக்கோ அண்ணன் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. யாரோ ஒரு பிள்ளை, "மேடம் வரலியே" என்றாள். ஹசீனா சட்டென்று மேஜையில் எதையோ அடுக்க ஆரம்பித்தார். ஓரக்கண்ணால் பார்த்தபோது அண்ணன் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றை எதிர்பார்க்கவே இல்லை மைனி. விடை உடனே வந்தால் பிள்ளைகள் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவார்கள் என்றுதானே நினைப்போம்? 'மேடம் வரலியே' என்று சொன்னவள் ஏழு வரிசை கொடுத்தாள். உடனே வந்தது. பக்கத்தில் இருந்தவன் எட்டு கொடுத்தான். இவ்வளவு வேகமாக வருகிறது என்றால் இன்னும் பெரிதாகக் கொடுக்க வேண்டியதுதானே என்று ஆளுக்கு ஆள் போட்டி வந்துவிட்டது. ஜன்னலுக்குப் போகிறவனும் போகவில்லை. வர்க்கமூலங்களை உள்ளே நுழைத்தார்கள், பின்னத்துக்குள் பின்னம் வைத்தார்கள். வகுப்பு முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்தப் பெண் எதையோ கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். விடை வரவில்லை. திரையில் எழுத்து வந்தது.

பொறுங்க, இந்தா வாரேன்.

"மேடம் வாராங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அண்ணன் கதவோரத்தில் இருந்து நடந்து வந்தார். அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் பையை எடுத்தார்கள். அந்தப் பெண் நிறுத்திவிடட்டுமா என்று அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"நிறுத்தாதம்மா. அவ கெளம்ப நேரம் ஆகும், ஆனா வந்துருவா" என்றார்.

எல்லோரும் போனபிறகும் அவர் நின்றார். நானும் நின்றேன். விடை வந்தது, மிகவும் சரியான விடை, பின்னத்தின் அடியில் ஒரு மூலம்கூட இல்லாமல்.

அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடையில் இருக்கும் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னார். அது டீ வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுமே என்றேன். அப்படியானால் இன்றைக்கு அந்தப் பெண் போட்ட மாதிரிப் பெரிய கணக்காக ஒன்று எழுதிக் கொடு என்றார். பஸ் வந்து நின்றது. எழுந்திருக்கவில்லை.

"நீ இன்னும் வேகமாக்குவல்லா?"

ஆமா என்றேன்.

"ஆக்கிக்கிட்டே போனா, பெரிய கணக்கு ஒரு நாளைக்கு தீந்து போயிருமாட்டி?"

"தீராதுண்ணே. கணக்கு தீரவே தீராது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டு பஸ் ஏறினார்.

ஆகவே மைனி, இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன், படிக்கிறவர்கள் சாட்சி. கோவையை இன்னும் வேகமாக்குவேன், ஒவ்வொரு வருஷமும் ஆக்குவேன். சும்மா ஒரு நொடிகூட யாரையும் உங்கள் பேரில் காக்க வைக்க மாட்டேன். வேகம் கூடக் கூட அண்ணனுக்கு அதைவிடப் பெரிய கணக்காக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம், பையவே வாருங்கள்.

என்றும் உங்கள் சண்டைக்கார நாத்தனார்,
வடிவு
பெருமாள்புரம்